ஜியோகேச் ஒளித்து வைக்கப் போகிறீர்களா? வைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜியோகேச்சிங் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்தவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் ஒரு டப்பாவை (அதுதான் ஜியோகேச், சுருக்கமாகக் கேச்) எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியையோ போனையோ வைத்துக்கொண்டு தேடிப் போய், டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். தேடுவது எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இது வைக்கப் போகிறவர்களுக்கு. கீழே வரும் விதிகள் ஜியோகேச்சிங்.காம் தளத்துடையவை. பெரும்பாலானோர் பதிவு செய்வது அங்கேதான். ஓப்பன்கேச்சிங் போன்ற மற்ற தளங்களில் சில விஷயங்கள் மாறும்.

இதுவரை ஒரு கேச் கூடத் தேடிப் பார்த்ததில்லை. நேராக வைக்க ஆரம்பிக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். வைக்கும் முன் குறைந்தது 20 கேச்சாவது கண்டுபிடித்திருங்கள் என்பது தளமே சொல்லும் பரிந்துரை. அந்த எண்ணிக்கையில் மந்திரம் எதுவும் இல்லை. இருபது டப்பாவைத் திறந்து பார்த்தால் அதில் ஆறேழு நனைந்திருக்கும், இரண்டு மூன்று உடைந்திருக்கும், ஒன்றிரண்டு இருக்கவே இருக்காது. எந்த டப்பா தாங்குகிறது, எந்த மறைவிடம் சலிப்பூட்டுகிறது, எதைப் பார்த்ததும் முகம் மலர்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நான் நாலே நாலு கண்டுபிடித்த கையோடு என் முதல் கேச்சை வைத்தேன். அதன் கதி என்ன ஆனது என்று டப்பா பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஒரு டப்பாவை ஒளித்து வைக்க இத்தனை விதிகள் எதற்கு?

ஆரம்பத்தில் ஒரு விதியும் கிடையாது. ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 2 அன்று அந்த மங்கலாக்கலை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில் போர்ட்லாந்துக்கு வெளியே பீவர்க்ரீக் பக்கத்துக் காட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போட்டார். புத்தகம், வீடியோ டேப், கொஞ்சம் பணம், ஒரு கவண் கைப்பிடி, ஒரு டின் பீன்ஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. 'கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் வைத்துவிட்டுப் போங்கள்' என்பதுதான் அவர் சொன்ன ஒரே நிபந்தனை. மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே வாளியை இன்று பதிவுக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும். பாதி மண்ணுக்குள் புதைத்திருந்தார், உள்ளே உணவு வேறு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒருவர் ஒரு வாளி வைத்தபோது விதி தேவைப்படவில்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் பெருகியபோது ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு வில்லங்கத்துக்குப் பிறகு வந்தது. எறும்பு மொய்த்த டப்பா, தோண்டிக் கிளறிய புல்தரை, வெடிகுண்டு என்று பயந்து மூடிய தெரு என்று ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? பொது இடம் என்றால் வேண்டியதில்லைதானே?

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். பொது இடம் என்றால் எல்லாருக்கும் நடக்க உரிமை உண்டு என்று அர்த்தம். எல்லாருக்கும் பொருளை விட்டுச்செல்ல உரிமை உண்டு என்று அர்த்தமில்லை. பூங்காவுக்கும் காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் ஒரு நிர்வாகம் இருக்கும். சில நிர்வாகங்கள் ஜியோகேச்சிங்குக்கு என்றே தனிக் கொள்கை வைத்திருக்கின்றன. சில இடங்களில் எழுத்துபூர்வமாக வாங்க வேண்டும், சில இடங்களில் அடியோடு தடை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பொதுவாக டப்பா வைக்க விடுவதில்லை. அதனால்தான் அங்கே டப்பாவே இல்லாத எர்த்கேச் வகை அதிகம்: ஒரு பாறை அடுக்கையோ வெந்நீர் ஊற்றையோ போய்ப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் அனுப்பினால் போதும்.

தனியார் நிலம் என்றால் சொந்தக்காரர், கடை என்றால் கடையை நடத்துபவர். காவலாளி 'சரி சார், வைங்க' என்று தலையாட்டியதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மாதம் அவர் வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

கேட்கும் விதத்தில் ஒரு நுணுக்கம். 'ஜியோகேச்சிங் தெரியுமா?' என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிவிடும். எப்போதும் டப்பாவைக் கையோடு கொண்டு போகிறேன். திறந்து காட்டி, நோட்டைப் புரட்டிக் காட்டி, 'இது இந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கும், வாரத்துக்கு ஓரிருவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், வேண்டாம் என்றால் ஒரு போன் போதும், அன்றே எடுத்துவிடுவேன்' என்று சொன்னால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். அனுமதி தந்தவர் பெயர், தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். பதிவு செய்யும்போது ரிவ்யூவர் (உங்கள் கேச்சைச் சரிபார்த்து வெளியிடுபவர்) மட்டும் பார்க்கும் குறிப்புப் பெட்டியில் அதை எழுத வேண்டும்.

எங்கே வைக்கவே கூடாது?

ரயில் பாதை ஓரம், விமான நிலையம், ராணுவ முகாம், அணை, பெரிய பாலத்தின் அடிப்பகுதி, அரசு அலுவலகச் சுற்றுச்சுவர், பள்ளிக்கூடம், சிறுவர் விளையாட்டுத் திடல். ஒரு ஆள் போனைப் பார்த்துக்கொண்டு கீழே குனிந்து துழாவினால் பார்ப்பவருக்குக் கிலி பிடிக்கும் இடம் எதுவும் வேண்டாம் என்பதுதான் மொத்தப் பட்டியலின் சாரம். கல்லறைகளிலும் தொல்லியல் இடங்களிலும் உள்ளூர் விதியைத் தனியாக விசாரியுங்கள். பழைய கல்சுவரின் இடுக்கு என்றால் தொல்லியல் இடமாக இல்லாவிட்டாலும் தவிர்த்துவிடுவேன். தேடுபவர்கள் இருபது கல்லை உருவிப் பார்ப்பார்கள், பத்தொன்பதைத் திரும்ப வைப்பார்கள்.

செடிகொடி நடுவே வைப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். பாதையிலிருந்து 30 மீட்டர் உள்ளே ஒரு மரத்தடியில் நான் வைத்த கேச்சுக்கு ஆறு மாதத்தில் புல்லைத் தேய்த்துக்கொண்டு ஒரு ஒற்றையடிப் பாதையே உருவாகிவிட்டது. டப்பா இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் இல்லாமலே கண்டுபிடிக்கலாம் என்ற நிலை. பாதையை ஒட்டியே வேறு மரத்துக்கு மாற்றினேன்.

மண்ணில் புதைக்கலாமா?

கூடாது. வைப்பவரும் தோண்டக் கூடாது, தேடுபவரும் தோண்டத் தேவையிருக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் பொந்து, பாறை இடுக்கு, விழுந்த மரத்தின் குழி ஆகியவற்றில் செருகலாம். மேலே சருகோ கல்லோ மூடலாம். நிலத்தின் சொந்தக்காரர் வெளிப்படையாக ஒத்துக்கொண்டால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடலாமா?

அதுவும் கூடாது. ஆணி, திருகு, பெயின்ட், செதுக்குவது எதுவும் வேண்டாம். கயிறோ கொக்கியோ பயன்படுத்துங்கள். கயிற்றையும் கிளையைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். கிளை பருக்கும், கயிறு பருக்காது.

161 மீட்டர் விதி என்கிறார்களே, அது என்ன?

0.1 மைல். ஒரு கேச்சின் டப்பாவுக்கும் இன்னொரு கேச்சின் டப்பாவுக்கும் குறைந்தது இவ்வளவு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றைத் தேடி வந்தவர் மற்றொன்றை எடுத்துவிடுவார், ஒரே பூங்காவில் அறுபது டப்பா குவியும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடம் உண்மையில் காலியாக இல்லாமல் இருக்கலாம். மிஸ்டரி கேச்சுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி இருக்கும். ஆனால் புதிரை அவிழ்த்தால்தான் தெரியும் நிஜ டப்பா அதிலிருந்து 3.2 கிலோமீட்டர் தூரத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பல கட்டங்களாகத் தேடிப் போகும் மல்டி கேச்சில் ஒவ்வொரு கட்டத்திலும் கையால் தொடும்படி ஒரு பொருள் வைத்திருந்தால் அதற்கும் இந்த இடைவெளி பொருந்தும். ஏற்கெனவே இருக்கும் பலகையில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்வது போன்ற கட்டங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஒரே மல்டியின் கட்டங்களுக்கிடையில் எவ்வளவு நெருக்கமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே டப்பாவை வாங்கி, வர்ணம் பூசி, இடத்தில் வைத்த பிறகு இதைப் பார்க்காதீர்கள். முதலில் இடத்தின் ஆயத்தொலைவுகளை மட்டும் எடுத்து, வெளியிடாத வரைவுப் பக்கமாகப் பதிந்து, இடம் காலியா என்று ரிவ்யூவரிடம் கேளுங்கள். 140 மீட்டரில் இன்னொன்று இருக்கிறது என்று பதில் வந்தால் வாதாடாமல் இருபது முப்பது மீட்டர் தள்ளிப் பாருங்கள். பல நேரம் அங்கே முன்னதை விட நல்ல மறைவிடம் கிடைக்கும்.

எந்த டப்பா நல்லது?

இப்போது என் முதல் கேச்சின் கதை. பழைய கேமரா பிலிம் வரும் சின்னக் கறுப்பு டப்பா, மூடி 'டக்'கென்று மூடும். தண்ணீர் போகாது என்று நினைத்தேன். முதல் மழைக்குப் பிறகு 'நோட்டு ஈரம்' என்று ஒருவர் எழுதினார். இரண்டாவது மழைக்குப் பிறகு நானே போய்ப் பார்த்தேன். திறந்ததும் புளித்த வாடை. காகிதச் சுருள் கூழாகி டப்பாவின் சுவரோடு ஒட்டியிருந்தது. பதினோரு பேர் எழுதிய பெயர்களில் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. நீல மைக் கறை மட்டும் மிச்சம்.

தண்ணீர் ஏன் போகிறது என்று பிறகுதான் புரிந்தது. வெயிலில் டப்பாவுக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் வெளியேறும். மழை பெய்ததும் டப்பா சட்டென்று குளிரும், உள்ளே அழுத்தம் குறையும், மூடியின் விளிம்பில் நிற்கும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அதாவது டப்பா மூச்சு விடுகிறது. வெறுமனே இறுக்கமாக மூடும் மூடி போதாது. மூடியில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், அதை அழுத்திப் பிடிக்கத் தாழ்ப்பாளோ திருகோ இருக்க வேண்டும்.

ராணுவத் தோட்டாப் பெட்டி இந்த விளையாட்டின் ராஜா. இரும்பு, ரப்பர் வளையம், நெம்புகோல் மூடி, வருடக் கணக்கில் தாங்கும். பழைய ராணுவ எழுத்துகளை மட்டும் பெயின்ட் அடித்து மறைத்துவிடுங்கள், பார்ப்பவர் பதறக் கூடாது. நான்கு பக்கமும் தாழ்ப்பாள் உள்ள சமையலறை பிளாஸ்டிக் டப்பாவும் நன்றாக உழைக்கும். ஆனால் புதியதாக வாங்குங்கள். ஒருமுறை சாப்பாடு வைத்த டப்பாவின் வாசனை உங்கள் மூக்குக்குத்தான் போயிருக்கும், எலிக்கு இல்லை. சின்ன அளவில் வேண்டுமென்றால் குளிர்பானப் பாட்டிலாக ஊதப்படுவதற்கு முன் தடித்த சோதனைக்குழாய் போல இருக்கும் பெட் (PET) பிளாஸ்டிக் குழாய்கள் அருமையானவை. ரப்பர் வளையமும் திருகும் உள்ள உலோகக் குழாயும் பரவாயில்லை. கண்ணாடி வேண்டவே வேண்டாம். மாத்திரை டப்பா, காந்தச் சாவிப்பெட்டி இரண்டும் பிலிம் டப்பாவின் பங்காளிகள்.

சோதிக்கும் முறை சுலபம். டப்பாவுக்குள் ஒரு டிஷ்யூ காகிதமும் மூழ்குவதற்கு ஒரு கல்லும் போட்டு மூடுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துச் சூடாக்கி, அப்படியே குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி இரவு முழுக்க விடுங்கள். காலையில் காகிதம் மொறமொறப்பாக இருந்தால் தேறியது. ஓரம் சற்றே நமத்திருந்தாலும் வேறு டப்பா பாருங்கள். 'உள்ளே ஜிப் பை போட்டிருக்கிறேனே' என்பார்கள். அந்தப் பை பத்துப் பேர் கைபட்டதும் கிழியும், பிறகு உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் காப்பதுதான் அதன் வேலை.

வெளிப்பக்கத்தில் 'இது ஜியோகேச், ஆபத்தில்லாதது' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தொடர்புக்கு ஒரு மின்னஞ்சலோ தளத்தில் உள்ள உங்கள் பயனர் பெயரோ இருக்கட்டும்.

உள்ளே என்னென்ன வைக்க வேண்டும்?

கட்டாயமானது ஒன்றே ஒன்று, பதிவேடு. இடம் இருந்தால் பென்சிலும். பேனா வேண்டாம், வெயிலில் கக்கும் அல்லது காய்ந்துவிடும். நீர் புகாத சிறப்புத் தாள் கிடைத்தால் நல்லது. பெரிய டப்பாவாக இருந்தால் சிறு பொம்மை, பேட்ஜ், சாவிக்கொத்து என்று பண்டமாற்றுக்குச் சில பொருள்கள். எடுப்பவர் அதே அளவு மதிப்புள்ளதையோ கூடுதலாகவோ வைக்க வேண்டும் என்பது வழக்கம். நடைமுறையில் ஒரு வருடத்தில் பாட்டில் மூடியும் பழைய ரசீதும்தான் மிஞ்சும். வருத்தப்படாமல் கழித்துக்கட்டிவிட்டு மீண்டும் நிரப்புங்கள். உணவு, மது, மருந்து, கத்தி, பட்டாசு, தீப்பெட்டி கூடாது. குழந்தைகள் திறப்பார்கள்.

டிராவல் பக் என்று எண் பொறித்த உலோகத் தகடு இருந்தால் அது பண்டமாற்றுப் பொருளே இல்லை. கேச் விட்டு கேச் பயணம் போவது அது. எடுப்பவர் அடுத்த கேச்சில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஆயத்தொலைவுகளைத் துல்லியமாக எடுப்பது எப்படி?

ஒரே ஒரு அளவீட்டை நம்பாதீர்கள். டப்பா இருக்கும் இடத்தில் கருவியை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து எண்ணைக் குறியுங்கள். முப்பது நாற்பது மீட்டர் விலகி, வேறு திசையிலிருந்து நடந்து வந்து மறுபடி குறியுங்கள். இப்படி நாலைந்து தடவை, முடிந்தால் இன்னொரு நாளும். செயற்கைக்கோள்கள் வானத்தில் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் இன்றைய பிழையும் நாளைய பிழையும் ஒன்றாக இருக்காது. வெகுவாகத் தள்ளி நிற்கும் எண்ணை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் போடுங்கள். அடர்ந்த மரநிழலிலும் உயர்ந்த சுவர், பாறைக்குப் பக்கத்திலும் சமிக்ஞை எதிரொலித்து வரும். அங்கே பத்துப் பதினைந்து மீட்டர் தப்பலாம். கடைசியாக அந்தச் சராசரி எண்ணைப் போனில் போட்டு, தேடுபவர் போல நீங்களே தூரத்திலிருந்து நடந்து வந்து பாருங்கள்.

தளம் கேட்பது பாகையும் தசம நிமிடமும் உள்ள வடிவம். உதாரணமாக டேவ் அல்மர் வைத்த அந்த முதல் கேச்சின் எண் வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்கில் ஏறக்குறைய 1.85 மீட்டர் நகரும். கிழக்கு மேற்கில் அவ்வளவோ அதற்குக் குறைவாகவோ, நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகக் குறைந்துகொண்டே போகும்.

இங்கே எல்லாரும் ஒருமுறை செய்யும் தவறு ஒன்று உண்டு. கருவி '18 நிமிடம் 30 விநாடி' என்று காட்டுகிறது, இவர் 18.300 என்று அடித்துவிடுகிறார். 30 விநாடி என்பது அரை நிமிடம், ஆகவே 18.500 என்று வர வேண்டும். 0.2 நிமிட வித்தியாசம் தரையில் 370 மீட்டர். நானும் செய்திருக்கிறேன். வெளியான முதல் மணி நேரத்திலேயே ஆவலோடு ஓடிய மூன்று பேர் ஒரு குட்டையின் நடுவைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் எழுதிய 'கிடைக்கவில்லை' குறிப்புகளை இங்கே போட எனக்கு மனமில்லை.

கடினம், நிலப்பரப்பு என்ற இரண்டு மதிப்பெண்ணை எப்படிப் போடுவது?

இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். கடினம் என்பது கண்டுபிடிக்கவோ புதிரை அவிழ்க்கவோ எவ்வளவு சிரமம் என்பது. நிலப்பரப்பு என்பது அந்த இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு சிரமம் என்பது. இரண்டாவதில் 1 என்றால் சக்கர நாற்காலியில் வருபவரும் போய்ச் சேர்ந்து டப்பாவை எடுக்க முடிய வேண்டும். தரை சமமாக இருந்தும் டப்பா ஏழடி உயரத்தில் தொங்கினால் அது 1 ஆகாது. யாரோ ஒருவர் அந்த எண்ணை நம்பிக் கிளம்பி வருவார். 5 என்றால் படகு, கயிறு, முக்குளிப்புக் கருவி போல ஏதாவது தேவை.

முதல்முறை வைப்பவர்கள் கடினத்தைக் குறைத்தே போடுகிறார்கள். ஒளித்து வைத்தவருக்கு எல்லா மறைவிடமும் எளிதுதானே.

எவ்வளவு கஷ்டமாக ஒளிக்கிறேனோ அவ்வளவு நல்லது இல்லையா?

இது என் சொந்த அபிப்பிராயம்: இல்லை. ஆயிரம் இலை உள்ள புதருக்குள் விரல்நுனி அளவு நானோ டப்பாவை வைப்பதில் கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது. தேடுபவர் புதரைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் திட்டிக்கொண்டு போவார். நல்ல மறைவிடம் கண்முன்னாலேயே இருக்கும், கண்டதும் 'அட, இத்தனை நேரம் இதன் மேல்தானே கை வைத்திருந்தேன்' என்று தோன்ற வைக்கும். அதுவும் அமையாவிட்டால் இடமாவது நன்றாக இருக்கட்டும். ஒரு காட்சிமுனை, பாதி மறந்துபோன ஒரு பழைய கிணறு, ஊற்றுக்கண் என்று பார்க்க ஒரு காரணம் வேண்டும். பெரிய டப்பா வைக்க முடிகிற இடத்தில் நானோ வைப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

குறிப்பு எழுதும்போது கவனிக்க வேண்டியது?

டப்பா எங்கே இருக்கிறது என்று தேடுபவருக்குக் கோடிகாட்டும் குறிப்பைத் தளம் ரோட்13 முறையில் மாற்றிக் காட்டும். ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளிப் போடும் எளிய சங்கேதம் அது. தமிழில் எழுதினால் அது எதையும் மாற்றாது, உங்கள் குறிப்பு பட்டவர்த்தனமாக நிற்கும். தமிழில்தான் எழுத வேண்டுமென்றால் அதைத் தெரிந்துகொண்டே எழுதுங்கள், அல்லது ஆங்கில எழுத்துகளால் தமிழை எழுதுங்கள். 'இவ்வளவு எளிதான கேச்சுக்குக் குறிப்பு எதற்கு' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இருட்டும் நேரத்தில் கைக்குழந்தையோடு நிற்பவருக்கு அதைப் படித்தால் எப்படி இருக்கும்?

ரிவ்யூவர் நேரில் வந்து பார்ப்பாரா?

மாட்டார். அவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். வரைபடம், செயற்கைக்கோள் படம், நீங்கள் எழுதியது ஆகியவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறார். பாதி மறுப்புகள் தகவல் போதாமையால் வருபவை. 'டப்பா எதனால் ஆனது, எதில் எப்படிப் பொருத்தியிருக்கிறேன், யாரிடம் அனுமதி வாங்கினேன்' என்று மூன்று வரியும் ஒரு புகைப்படமும் சேர்த்து அனுப்பினால் பெரும்பாலும் ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

கேச்சின் இணையப் பக்கத்தில் என் கடையைப் பற்றியோ ஒரு நல்ல காரியத்தைப் பற்றியோ எழுதலாமா?

விளம்பரமும் பிரசாரமும் அனுமதி இல்லை. நல்ல காரியத்துக்காக என்றாலும் அதே பதில்தான்.

சுற்றுலா போன ஊரில் ஒன்று வைத்துவிட்டு வரலாமா?

வேண்டாம். திரும்பப் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் வைப்பதைத் தளம் ஏற்பதில்லை. அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்கிறார் என்று சொல்லி, அவர் பயனர் பெயரைக் கொடுத்தால் பரிசீலிப்பார்கள். காரணம் அடுத்த பதிலில்.

வைத்த பிறகு என்ன வேலை இருக்கிறது?

எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான். வைப்பது ஒரு மாலை நேரம், பார்த்துக்கொள்வது வருடக் கணக்கு. தேடியவர்கள் எழுதும் ஒவ்வொரு பதிவையும் படியுங்கள். 'மூடி சரியாக மூடவில்லை' என்று ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருந்தால் அடுத்த மழைக்குள் போய்விட வேண்டும். பழக்கமானவர்கள் தொடர்ந்து இரண்டு மூன்று பேர் கிடைக்கவில்லை என்று எழுதினால் டப்பா போயிருக்கும் வாய்ப்பு அதிகம். உடனே போக முடியாவிட்டால் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கி வையுங்கள். சுமார் நான்கு வாரத்துக்குள் சரிசெய்வது எதிர்பார்ப்பு. அதற்கு மேல் இழுத்தால் ஒரு வரி எழுதி நிலவரத்தைச் சொல்லுங்கள். சத்தமே இல்லாவிட்டால் ரிவ்யூவர் நிரந்தரமாக மூடிவிடுவார்.

புகார் இல்லாவிட்டாலும் அவ்வப்போது ஒரு நடை போய் வாருங்கள். டப்பாக்கள் நகரும். ஒருவர் எடுத்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பார், அடுத்தவர் அங்கிருந்து இன்னொரு முழம். என் டப்பா ஒன்று ஒரு வருடத்தில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் குடிபோயிருந்தது. இதற்கு ஒரு வழி, வைத்திருக்கும் கோலத்தைப் படமெடுத்து மூடியின் உட்புறம் ஒட்டிவிடுவது.

இன்னொரு தலைவலி உண்டு. தேடிக் கிடைக்காதவர்கள் சிலர், டப்பா தொலைந்திருக்கும் என்று தாங்களே முடிவுகட்டி, கையிலிருக்கும் ஒரு குட்டி டப்பாவைப் போட்டுவிட்டு 'கண்டேன்' என்று எழுதுவார்கள். உதவி என்ற நினைப்பில்தான் செய்கிறார்கள். உங்களைக் கேட்காமல் வைத்த டப்பாவை எடுத்துவிட்டு, உங்கள் டப்பா இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

நோட்டில் கையெழுத்துப் போடாமல் 'கண்டேன்' என்று எழுதுபவரை என்ன செய்வது?

நோட்டில் பெயர் இல்லாத பதிவை நீக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நோட்டு நனைந்து எழுத முடியாமல் இருந்திருந்தால் தப்பு உங்களுடையது. படம் எடுத்து அனுப்பியிருப்பார், ஏற்றுக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு மேல் 'செல்ஃபி போட்டால்தான் ஏற்பேன்' என்பது போன்ற கூடுதல் நிபந்தனைகளை 2009 முதல் தளம் ஒத்துக்கொள்வதில்லை.

வெடிகுண்டு என்று யாராவது பயந்துவிட்டால்?

கற்பனைப் பயம் இல்லை. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்துப் பயந்து, தெருவை மூடி, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடித்துத் தகர்த்தார்கள். அது ஜியோகேச். நகரத்துக்குள் வைத்தால் டப்பா சின்னதாக, உள்ளே தெரியும்படி, எழுத்து வெளியே தெரியும்படி இருக்கட்டும். கம்பியும் டேப்பும் சுற்றிய குழாய் வடிவம் வேண்டவே வேண்டாம். பக்கத்துக் கடைக்காரருக்கோ காவலுக்கோ ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். யாராவது தேடும்போது போலீஸ் வந்து கேட்டால் உண்மையைச் சொல்லிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். 'சாவி தொலைந்துவிட்டது' என்று கதை விட்டால் சந்தேகம்தான் கூடும்.

எடுத்துவிட நினைத்தால் என்ன செய்ய வேண்டும்?

வேறு யாராவது ஏற்றுக்கொள்வார்களா என்று முதலில் பாருங்கள். இருவரும் சம்மதித்தால் தளத்திலேயே பெயர் மாற்றிக் கொடுத்துவிடலாம். யாரும் இல்லையென்றால் நேரில் போய் டப்பாவை எடுத்த பிறகு பக்கத்தை மூடுங்கள், எடுத்துவிட்டேன் என்று ஒரு வரியும் எழுதுங்கள். பக்கத்தை மட்டும் மூடிவிட்டு டப்பாவை விட்டால் அது வெறும் குப்பை. பக்கத்தை முன்பே போனில் இறக்கி வைத்திருந்த யாராவது ஒருவர் பிறகும் தேடிக்கொண்டிருப்பார்.

என் மூன்றாவது கேச்சை எடுக்கப் போனபோது கல்லுக்கு அடியில் இரண்டு டப்பா இருந்தன. ஒன்று என்னுடையது, தாழ்ப்பாள் ஒன்று உடைந்து, ஆனால் உள்ளே காய்ந்த நோட்டோடு. மற்றது யாரோ போட்டுவிட்டுப் போன பிலிம் டப்பா, அதற்குள் கூழ். கடைசி எட்டுப் பேர் அந்தக் கூழில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.